ஒரு மணி நிலவரம்

அவர் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததாக நினைவே இல்லை. எங்கள் கம்ப்யூட்டர் அறைக்கென்று முதலாளி வாங்கிப் போட்ட சுழல் நாற்காலி வருடம் பூராவும் கதவுக்கு வெளியேதான் கிடந்தது. போகிற வருகிறவர்கள் அதன்மேல் டிபன் பாக்ஸை வைத்துவிட்டுப் போவார்கள். அவர் நின்றுகொண்டே தட்டுவார். தட்டுகிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் நடப்பார். ஏசி குளிருக்கு ஒரு பழுப்பு ஸ்வெட்டர், காதை மூடி ஒரு மஃப்ளர், காலில் ரப்பர் செருப்பு. மே மாதத்து வெயிலில் மஃப்ளரோடு டீக்கடைக்கு இறங்கி வரும் மனிதரைப் பார்த்துத் தெருவே சிரிக்கும். அவர் அதைக் கண்டுகொண்டதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் தி. நகரில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது எங்கள் ஆபீஸ். வெளிநாட்டு ஆராய்ச்சிப் பத்திரிகைகளுக்குப் பக்கம் அமைத்துக் கொடுப்பது தொழில். நாற்பது பேர் வரிசையாக உட்கார்ந்து தட்டுவார்கள். அத்தனை பேர் தட்டுவதும் ஒரே பெரிய மிஷினுக்குள் போய் விழும். அந்த மிஷினைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேர். அவர் ஒருவர், நான் ஒருவன். எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. நான் கணிதத்தில் எம்.எஸ்ஸி. அவர் பத்தாவது, அப்புறம் வடபழனியில் மாலை வகுப்பில் ஆறு மாதம். ஆனால் அவர்தான் தலைமை, நான் அவருக்குக் கீழே. இது எனக்கு எரிச்சலாக இருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் மழுப்புகிற மாதிரி இருக்கும்.

அந்த மிஷினில் இரண்டு டிஸ்க்குகள் ஜோடியாக ஓடும். ஒருவர் சொல்லச் சொல்ல இரண்டு பேர் இரண்டு நோட்டில் ஒரே பாடத்தை எழுதுவது போல, நாற்பது பேர் செய்வதும் இரண்டிலும் ஒன்றாகப் பதியும். தினம் மதியம் ஒரு மணிக்கு ஒரு கட்டளை கொடுத்து, ஒரு டிஸ்க்கை மட்டும் தனியே பிரிப்போம். அது அந்த நிமிடத்தோடு நின்றுவிடும். ஒரு மணிக்கு எந்த எழுத்து எங்கே இருந்ததோ அங்கேயே இருக்கும். மற்றது பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும். நின்றுபோனதை நிதானமாக டேப்பில் ஏற்றிவிட்டு, ஐந்து மணிக்கு எல்லாரையும் டீக்கு அனுப்பி, இன்னொரு கட்டளையால் இரண்டையும் மறுபடி சேர்ப்போம். இதற்கு அவர் வைத்த பெயர் ஒரு மணி நிலவரம்.

பிரிக்கிற நேரத்தில் யாரும் எதையும் தட்டக் கூடாது. பாதி எழுதிய வார்த்தை பாதியில் உறைந்துவிடும் என்று அவருக்குப் பயம். பன்னிரண்டு ஐம்பத்தெட்டுக்கு மஃப்ளரை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வருவார்.

"ஒரு மணி! அல்லாரும் கைய எட்த்துருங்க!"

நாற்பது பேரும் கையைத் தூக்க வேண்டும். சில பெண்கள் போலீஸ் துப்பாக்கியைக் கண்ட மாதிரி இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கிக் காட்டிச் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். ஆனால் கண் ஒவ்வொரு விசைப்பலகையாகப் போய்க்கொண்டே இருக்கும். ஒருநாள் முதலாளியே ஒரு மூலையில் உட்கார்ந்து ஏதோ கடிதம் தட்டிக்கொண்டிருந்தார். இவர் போய்ப் பக்கத்தில் நின்றார்.

"என்னய்யா?"

"மணி ஒண்ணு சார்."

"இருய்யா, ரெண்டு வரிதான். தெனமும் இது ஒரு ரோதனையாப் போச்சு."

"நீங்க முடிங்க சார். நான் நிக்கிறேன். இவங்க அல்லாரும் கைய தூக்கிக்கினு இருக்கட்டும்."

முதலாளி திரும்பிப் பார்த்தார். நாற்பது பேர் கையைத் தூக்கிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே அந்தப் புடவைக் கடையில் மூன்று தலைமுறையாகக் கல்லாவில் உட்கார்ந்த குடும்பம், யாருக்கும் வளைந்து கொடுக்காத மனிதர். அன்றைக்கு அவரும் கையைத் தூக்கினார்.

சேர்க்கிற கட்டளைதான் ஆபத்தானது. அதற்கு இரண்டு பெயர்கள் கொடுக்க வேண்டும். முதல் பெயர், எது மாற வேண்டுமோ அது. இரண்டாவது பெயர், எதைப் பார்த்து மாற வேண்டுமோ அது. மாற்றிக் கொடுத்தால் மிஷின் ஏன் என்று கேட்காது. ஓடிக்கொண்டிருந்த டிஸ்க்கின் மேல் ஒரு மணி நிலவரத்தை எழுதி, ஒரு மணியிலிருந்து ஐந்து மணிவரை நடந்ததை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும். இதில் ஒரு கோளாறு, சாதாரணமாக நகலெடுக்கிற கட்டளையில் வரிசை நேர் எதிர். அதில் மூலம் முதலில், நகல் அடுத்து. ஒரு நாளைக்கு நூறு தடவை கை அந்த வரிசையிலேயே பழகிக் கிடக்கும்.

அதனால் அவர் ஒரு முறை வைத்திருந்தார். கட்டளையை முதலில் நோட்டில் எழுத வேண்டும். பிறகு திரையில் அடிக்க வேண்டும், ஆனால் என்டர் தட்டக் கூடாது. கையை எடுக்க வேண்டும். அறையை ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். வந்து, அடித்ததை வாய்விட்டுப் படிக்க வேண்டும். "அப்பால தட்டு" என்பார். "எழுதின சூட்டுல படிச்சா, நீ மன்சுல இன்னா நெனச்சியோ அத்தத்தான் படிப்ப. திரையில கீறத படிக்க மாட்ட. ஒரு ரவுண்டு போய்ட்டு வா. அந்நியன் மாரி வந்து படி."

அவருக்கு இது கோடம்பாக்கத்தில் படிந்த பழக்கம். கம்ப்யூட்டருக்கு வருமுன் சினிமா நெகட்டிவ் வெட்டுகிற அறையில் நாலு வருடம் இருந்தவர். எடிட்டர் பாசிட்டிவ் பிரதியில் எத்தனை தடவை வேண்டுமானாலும் வெட்டலாம், ஒட்டலாம். நெகட்டிவில் கத்திரி ஒரு தடவைதான். வெட்டின இடத்தில் ஒரு ஃபிரேம் போனால் போனதுதான், நடிகர் மறுபடி அப்படித் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. "அங்க கைல வெள்ள கிளவுஸ் போட்டுக்கினு மூச்ச புடிச்சிக்கினு வெட்டுவோம் நைனா. இங்க கிளவுஸ் இல்ல. அதுக்குத்தான் ரவுண்டு." நான் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன். படித்தவனுக்கு எதற்கு ரவுண்டு?

மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது ஒத்தாசைக்கு வருகிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். நாலு புத்தக அலமாரி நகர்த்த வேண்டும். அவர் ஒன்றையும் தொடவில்லை. பேப்பரும் பென்சிலும் கேட்டார். ஒவ்வொரு தட்டிலும் எந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது, எது சாய்ந்திருக்கிறது, எதன் பக்கத்தில் மாத்திரை டப்பா இருக்கிறது என்று ஒன்றரை மணி நேரம் நின்றபடி வரைந்தார். வெள்ளையடிக்க வந்தவர் பீடி பிடிக்கப் போய்விட்டார். அம்மா காபியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

"ஏண்டா, அவர் உக்காரவே மாட்டேங்கறாரே, நம்மாத்து நாற்காலியெல்லாம் பிடிக்கலையோ?"

"அவர் எங்கயும் உக்கார மாட்டார்மா."

"பாவம்டா. ஏதோ தொலைஞ்சு போயிடும்னு பயந்துண்டே இருக்காப்ல இருக்கு."

அம்மா சொன்னது சரி. அந்த மனிதர் எதையாவது கண்டு பயந்தார் என்றால் அது ஒன்றுதான்: முன்னால் எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாமல் போய்விடுவது. மறுநாள் சாயங்காலம் வந்து, பேப்பரைப் பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் அடுக்கினார். மாத்திரை டப்பா அதே இடத்தில், அதே சாய்வில் இருந்தது. எனக்கு வேடிக்கையாக இருந்தது, கொஞ்சம் திகிலாகவும் இருந்தது.

இனி அந்த நாள். சுற்றி வளைத்துக்கொண்டே இருக்கிறேன் என்று எனக்கே தெரிகிறது.

அன்றைக்கு என் தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்கள். அஞ்சரைக்குள் ஆத்தில் இருக்க வேண்டும் என்று அம்மா இரண்டு தடவை போன் செய்துவிட்டாள். ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஏசி தண்ணீர் கொட்டியது. மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு அவர் மொட்டை மாடிக்கு ஏறினார். போகும்போது நோட்டைக் காட்டினார். மதியமே எழுதி வைத்திருந்தார், முத்து முத்தாக, இரண்டு பெயர்களும் சரியான வரிசையில். "அப்டியே அடி. ரவுண்டு போ. படி. தட்டு. நான் மேல கீறேன்."

எல்லாரும் டீக்கு இறங்கினார்கள். நான் அடித்தேன். நோட்டைப் பார்க்கவில்லை, எனக்குத் தெரியாதா என்ன? சுற்றவில்லை, படிக்கவில்லை. என்டரைத் தட்டிவிட்டுச் சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட்டுக்கொண்டேன்.

மிஷினின் விளக்குகள் சிமிட்டிக்கொண்டிருந்தன. செருப்பை மாட்டப் போனவன் ஏனோ திரையைத் திரும்பிப் பார்த்தேன். அப்போதுதான் அந்நியன் மாதிரி படித்தேன். கை பழகின வரிசையிலேயே அடித்திருந்தேன், மூலம் முதலில், நகல் அடுத்து. தலைகீழ். நிறுத்தினால் இரண்டும் கெடும், நிறுத்தாவிட்டால் ஒன்று போகும். ஒன்றும் செய்யாமல் நின்றேன். பிற்பகலில் நாற்பது பேர் உழைத்தது கண்ணெதிரே அழிந்துகொண்டிருந்தது.

அடுத்து நான் செய்ததுதான் விஷயம். நாம் அடிக்கிற கட்டளைகளையெல்லாம் மிஷின் ஒரு கோப்பில் வரிசையாகக் குறித்து வைத்துக்கொள்ளும். அதைத் திறந்தேன். கடைசி வரியில் இரண்டு பெயர்களையும் இடம் மாற்றினேன். சேமித்தேன். திரையைத் துடைத்தேன்.

டீ குடித்துவிட்டு வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கத்த ஆரம்பித்தார்கள். கணிதப் பக்கங்கள் அமைக்கிற பெண் ஒருத்தி, முப்பது பக்க அட்டவணை முடித்திருந்தாள், மேஜையில் கவிழ்ந்து அழுதாள். அன்று சாயங்கால விமானத்தில் போக வேண்டிய இதழ் அது. அவர் மாடியிலிருந்து இரண்டிரண்டு படியாக இறங்கி வந்தார்.

"ரவுண்டு போனியா?"

"போனேன்."

"படிச்சியா?"

"படிச்சேன்."

"வாய்வுட்டு?"

"வாய்விட்டு."

அவர் கோப்பைத் திறந்து பார்த்தார். நோட்டைப் பார்த்தார். இரண்டும் ஒன்றாக இருந்தன. என்மேல் அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், வரவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் ஒரு ஆற்றாமை. அவர் முகத்தில் சந்தேகம் இல்லை. பயம்தான் இருந்தது. "அப்ப மிஷினு பொய் சொல்லுது நைனா" என்றார் மெதுவாக.

பெங்களூரிலிருந்து மிஷின் கம்பெனி ஆட்கள் வந்தார்கள். இரண்டு நாள் சோதித்துவிட்டு ஒரு குறையும் இல்லை, யாரோ மாற்றித் தட்டியிருக்கிறீர்கள் என்றார்கள். முதலாளி அறையில் எல்லார் முன்னாலும் அவர் எனக்காகக் குரலை உயர்த்தினார். "இவன் புக்குல கீறபடி அடிச்சிகிறான். பதிவுல கீது, பாருங்க. இவன் படிச்சவன் சார், பொய் சொல்ற ஆளு இல்ல." எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போதும் உட்கார முடியவில்லை, எழுந்துவிடுகிறேன்.

அதற்குப் பிறகு அவர் அந்த மிஷினை நம்பவே இல்லை. சரியாகக் கொடுத்த கட்டளையையே தலைகீழாகச் செய்கிற மிஷின் வேறு என்னதான் செய்யாது? ஒரு மணி நிலவரம் போய், பதினொரு மணி, ஒரு மணி, மூன்று மணி, நாலு மணி நிலவரம் என்று ஆயிற்று. நாளெல்லாம் இப்படிக் கையைத் தூக்கச் சொன்னால் யார் தூக்குவார்கள்? பெண்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள். டேப்பில் ஏற்றினதை இறக்கிப் பார்ப்பார், பேப்பரில் அச்சடித்து ஒப்பிடுவார், மறுபடி ஏற்றுவார். கழன்றுவிட்டது என்று தலைக்குப் பக்கத்தில் விரலைச் சுற்றிக் காட்டுவார்கள், சில சமயம் அவர் பார்க்கும்போதே. நான் அப்படிக் காட்டியதில்லை. அதைப் பெருமையாகச் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது.

தினமும் சொல்லிவிட நினைத்தேன். சொல்லிவிடலாம் என்று வாயெடுக்கும்போதெல்லாம் அவர் எதையாவது ஒப்பிட்டுக்கொண்டிருப்பார், நான் நகர்ந்துவிடுவேன். நாலு மாதத்தில் அவரே வேலையை விட்டார். போகும்போது என் தோளைத் தட்டி, "ஜாக்ரதை நைனா, அத்த நம்பாத" என்றார்.

மூன்று வருடம் கழித்து வடபழனியில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். முகூர்த்தம் முடிந்து, சாப்பிட்டு, வெற்றிலையை மென்றுகொண்டு பஸ் டெப்போவுக்கு எதிரே நின்றேன். சினிமா சாமான் ஏற்றுகிற வேன் ஒன்றின் பக்கத்தில் அவர் நடந்துகொண்டிருந்தார். மஃப்ளர் இல்லை. முடி பாதி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா நைனா, இன்னா இந்தப் பக்கம்? தங்கச்சிக்கு ஆயிட்ச்சா?"

"ஆச்சு. நீங்க?"

"வண்டி ஓட்டிக்கினு கீறேன். கீபோர்டுலாம் தொடறதே இல்ல. ஸ்டுடியோவுல எல்லாம் கம்ப்யூட்டர் வந்துட்ச்சு, கூப்டாங்க, மாட்டேன்ட்டேன்." சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "அந்த மிஷின இன்னும் வெச்சிக்கினு கீறாங்களா?"

"வெச்சிருக்காங்க."

"தூக்கிப் போடச் சொல்லு. நெசமா சொல்றேன். அது ஒருநா உன்னையும் மாட்டி வுட்ரும்."

என்னைப் பற்றித்தான் கவலைப்பட்டார். இதைக் கேட்டுவிட்டு ஒரு மனிதன் பஸ் ஏற முடியுமா? முடிந்திருக்கும், மூன்று வருடம் முடிந்ததே. வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னேன். "மிஷின்ல ஒண்ணும் இல்ல. நான்தான் பேரை மாத்தித் தட்டினேன். ரவுண்டும் போகல, படிக்கவும் இல்ல."

அவர் கையை விடவில்லை. "பதிவுல சரியா இருந்துச்சே?"

"நான் திருத்தினேன்."

"நீயா?"

"நானேதான். நீங்க மாடியில இருந்தப்போ."

"எத்தினி நேரம் ஆச்சு அதுக்கு?"

"பத்து செகண்டு இருக்கும்."

"பத்து செகண்டு" என்றார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண்ணை மூடித் திறந்தார். "மிஷினு சரியாத்தான் இருந்துச்சா அப்ப? அது சொன்னபடிதான் செஞ்சிதா?"

"சொன்னபடிதான்."

பிடித்த கையை அப்படியே இழுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். "வா. எங்க வூட்டுக்காரியாண்ட சொல்லு இத்த."

கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்து, மாடியில் ஒற்றை அறை. அவர் மனைவி வாசலிலேயே உட்கார்ந்து முளைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அதற்கு முன்னால் நான் அவரைப் பார்த்ததில்லை. என்னைக் காட்டி, "ஆபீஸ்ல எங்கூட இருந்த நைனா" என்றார் இவர். அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்த பார்வையிலேயே என்னைப் பற்றி அந்த வீட்டில் நிறையப் பேசியிருக்கிறார்கள் என்று தெரிந்தது.

"எங்கிட்ட சொன்னத அப்டியே சொல்லு" என்றார்.

சொன்னேன். இரண்டாவது தடவை சொல்வது எளிதாக இருக்கும் என்று நினைத்தது தப்பு.

அந்த அம்மாள் கீரையை முறத்தில் வைத்தார். "நான் அன்னிக்கே சொல்லல? அந்தாளுதான் பொய் சொல்றான்னு எத்தினி தபா சொன்னேன்? எங்கூட சண்ட போட்டியே, அவன் அப்டி இல்லன்னு. மூணு வருஷமா உன்ன மெண்டலுன்றான் எங்க அண்ணன்."

"சொன்ன" என்றார் அவர். "நீ சொன்னதுதான் சரி." அழுதார். துடைத்துக்கொள்ளவில்லை.

"அழாதய்யா. உம்மேல தப்பு இல்லன்னு ஆயிட்ச்சில்ல. நாளைக்கே போயி அந்த ஸ்டுடியோவுல கேளு." பிறகு என் பக்கம் திரும்பினார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"ஆபீஸ்ல இவரு பாத்த வேலைய இப்ப யாரு பாக்குறாங்க?"

வேறு யாரோ என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அவர் நின்றபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான்" என்றேன்.